தத்தை மூன்று முறை சொன்ன சாட்சி

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலம் அது. கேட்க வந்தவர்கள் காலை மடக்கி உட்கார்ந்து கேளுங்கள். இது சிரித்துக்கொண்டே எழுந்து போகிற கதையல்ல.

வேங்கைப்பாடி என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு ஒரு ராஜா, எல்லாருக்குமாக ஓர் ஏரி. ராஜாவின் பெயர் சேந்தன். ஏரியின் பெயர் நாரையேரி. கோட்டையின் மேற்கு மதில் வெறும் மண்மதில். அதற்கு உட்புறம் பள்ளத்தில் முந்நூறு வீடுகள். அந்தப் பகுதிக்குக் கீழூர் என்று பெயர். மதிலுக்கு வெளியே, ஒரு பனை உயரத்துக்கு ஏரிக்கரை.

அந்த ஏரியின் மதகுகளைத் திறந்து மூடுகிறவன் பூதன். விடிந்ததும் கரை நெடுக நடப்பான். நண்டு வளை கண்டால் களிமண் வைத்து அடைப்பான். எலி வளை கண்டால் புகை போடுவான். எங்காவது ஈரக் கசிவு கண்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. அவன் மனைவி தத்தை. அவர்களுக்கு ஒரே மகள், ஆம்பல். ஒன்பது வயது.

சேந்தன் நல்ல ராஜா என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா ராஜாக்களையும் போல அவனும் ஒரு ராஜா. வரி வாங்கினான், வாய்க்கால் வெட்டினான், தன்னைப் பற்றிக் கல்லில் எழுதி வைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

ஓராண்டு ஆவணியில் வடக்கேயிருந்து வயவரையன் என்ற ராஜா கரடிக்கொடியோடு படை கொண்டு வந்து கோட்டையை வளைத்தான். முதல் மாதம் மதிலில் ஏணி சாத்திப் பார்த்தான், ஏறியவர்கள் திரும்பவில்லை. இரண்டாம் மாதம் யானையை விட்டு வாசலை முட்டிப் பார்த்தான், வாசல் அசையவில்லை. மூன்றாம் மாதம் உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு தீரட்டும் என்று காத்துப் பார்த்தான். அவன் படைக்குத்தான் சோறு தீர்ந்தது. அப்போதுதான் அவன் தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தான். மழைக்காலம். ஏரி கழுத்து வரை நிறைந்து நின்றது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்நாளில் எல்லா நாட்டாரும் ஒப்புக்கொண்ட ஒரு முறை இருந்தது. போரில் ஆளைக் கொல்லலாம், மாட்டை ஓட்டிப் போகலாம், நெற்போருக்குத் தீயும் வைக்கலாம். ஏரியில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஏரியை உடைத்தவன் குலத்தில் மழை பெய்யாது என்பது நம்பிக்கை. அதனால்தான் அத்தனை நாள் முற்றுகையிலும் பூதனை யாரும் தொடவில்லை. தண்ணீர் இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது. பூதனும் தத்தையும் கரைமேல் தங்கள் குடிசையிலேயே இருந்தார்கள். மகளை மட்டும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கோட்டைக்குள் பூதனின் தங்கை வீட்டில் விட்டிருந்தார்கள். அந்த வீடு மேட்டில் இருந்தது. அது ஒன்றுதான் அவர்கள் செய்த புண்ணியம்.

ஒரு விடியற்காலை தத்தை கூழ்க் கலயத்தோடு கரைமேல் போனாள். மூன்றாம் மதகுக்கு இப்பால் நாற்பது வீரர்கள் மண்வெட்டியோடு கரையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கரடிக்கொடி நட்டிருந்தது. தத்தை கலயத்தைப் போட்டுவிட்டுத் தாழம்புதருக்குள் ஒளிந்தாள்.

பூதன் ஒளியவில்லை. கரையின் மறுமுனையிலிருந்து ஓடி வந்தான். அவன் அதட்டவில்லை, அழவும் இல்லை. படைத்தலைவனைக் கும்பிட்டு ஒன்றுதான் சொன்னான்: “ஐயா, ராஜாவோடு சண்டை என்றால் ராஜாவோடு போடுங்கள். கீழே பிள்ளைகள் இன்னும் தூங்கி எழவில்லை.”

மண்வெட்டிகள் நிற்கவில்லை. பூதன் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி, தன் உடம்பால் அடைக்க முடியும் என்பதுபோல் இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்துகொண்டான். படைத்தலைவன் எறிந்த வேல் அவன் மார்பில் இறங்கியது. வேலை உருவாமலேயே மேலும் வெட்டினார்கள். பிறகு தண்ணீர் வந்தது.

மண்மதில் வெல்லம்போலக் கரைந்தது. முந்நூறு வீட்டில் எழுபது வீடு மிஞ்சியது. மதில் இருந்த இடத்தின் வழியாக வயவரையனின் படை சேற்றில் நடந்து உள்ளே போனது. உச்சிப்பொழுதுக்குள் சேந்தன் தன் அரண்மனை வாசலில் வெட்டுண்டு கிடந்தான்.

ஏரியை உடைத்ததைக் கண்ணால் கண்டவர்கள் மூன்று பேர். ஒருவன் ஆடு மேய்க்கிற இடையன். அவன் அன்றே ஆட்டை ஓட்டிக்கொண்டு தேசத்தைவிட்டே போய்விட்டான். இன்னொருவன் வலை வீசுகிற கொற்றன்; அவனுக்கு, கரையை மறுபடி கட்டிய பிறகு, ஏரி முழுவதிலும் மீன் பிடிக்கிற உரிமையைப் புது ராஜா வயவரையன் தந்தார். மூன்றாவது ஆள் தத்தை.

ஏரியை ராஜா தானே கட்டிக் கொடுத்தார். அதில் பொய்யில்லை. பிடிபட்ட ஊராரையே மண் சுமக்க வைத்து நாற்பது நாளில் கட்டினார். கட்டி முடித்ததும் நாரையேரி என்ற பெயரை எடுத்துவிட்டு ‘வயவன் பேரேரி’ என்று பெயர் வைத்தார். கரைமேல் ஆளுயரக் கல் ஒன்றும் நட ஏற்பாடாயிற்று. கல்லில் எழுதுவதற்கு வாசகம் வேண்டுமே. அதற்கு அரசவை எழுத்தர் வெயினனார் இருந்தார்.

வெயினனார் புது ஆள் இல்லை. சேந்தனின் அவையிலும் அவர்தான் எழுத்தர். ராஜா மாறினார், கொடி மாறியது, எழுத்தாணி மாறவில்லை.

தத்தையை அவைக்கு அழைத்து வந்தார்கள். அது முதல் முறை. இரு பக்கமும் வேல்கள். கல்லில் ஊர் அறிந்த சாட்சி ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்று ராஜா விரும்புவதாகச் சொன்னார்கள். கரையில் குடியிருந்தவள் அவள். என்ன கண்டாள் என்று கேட்டார்கள்.

தத்தை நிமிர்ந்து பார்த்தாள். கேட்ட படைத்தலைவன் அதே படைத்தலைவன். அவள் மகள் ஆம்பல் அப்போது எங்கே இருந்தாள் தெரியுமா? கோட்டைக்குள் அகப்பட்ட பெண்பிள்ளைகளையெல்லாம் அரண்மனைக்குள் அடிமை வேலைக்குக் கொண்டு போயிருந்தார்கள். அந்த அவைக்குப் பின்னால் ஏதோ ஓர் அடுப்படியில் அந்தப் பிள்ளை இருந்தது. பொய் சொல்லத் தத்தைக்கு மனம் வரவில்லை. மெய் சொல்லத் தைரியம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதாக நினைத்தாள்.

“நான் ஒன்றும் காணவில்லை” என்றாள்.

மௌனம் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் நாள் முரசறைகிறவன் தெருத்தெருவாகக் கல்லின் வாசகத்தைச் சொல்லிக்கொண்டு போனான். தோற்கப் போவதை அறிந்த சேந்தன், எனக்கில்லாத ஊர் எவனுக்கும் வேண்டாம் என்று தன் ஏரியைத் தானே உடைத்தான். அருளாளர் வயவரையர் அதைக் கட்டித் தந்தார். இதற்குச் சாட்சி, வயவரையர் படையில் யாரையாவது அங்கே கண்டாயா என்று கேட்டதற்கு, கரையில் குடியிருந்தவளே ‘நான் ஒன்றும் காணவில்லை’ என்றாள்.

தத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவள் சொன்னது மூன்று சொல். அந்த மூன்று சொல்லும் கல்லில் இருந்தன. ஆனால் அவை அவளுடையவையாக இல்லை.

அப்படியே ஆறு மாதம் போயிற்று. வயவரையன் மேற்கே மலைநாட்டு ராஜாவிடம் பெண் கேட்டு அனுப்பினான். மலைநாட்டு ராஜா பயந்த மனிதர். ஏரியை உடைத்தவன் வீட்டில் மழை பெய்யாதாமே, எங்கள் காதில் வேறு மாதிரி விழுகிறதே என்று கேட்டு அனுப்பினார். சேந்தன் உடைத்தான் என்றால் சரி. கோட்டைக்குள் இருந்த சேந்தன் கரைக்கு எப்படி வந்தான்? மண்வெட்டி பிடித்த கை யாருடைய கை? தூதர்கள் பௌர்ணமிக்கு நேரில் வருகிறார்கள் என்றும் செய்தி வந்தது.

ஒரு கை வேண்டியிருந்தது. கரையில் இருந்தது ஒரே ஒருவனுடைய கைதான்.

இந்தத் தடவை தத்தையை அவைக்கு அழைக்கவில்லை. வெயினனாரே ஓலைக்கட்டோடு அவள் குடிசைக்கு வந்தார். சற்றுத் தள்ளி வேம்படியில் ஒரு வீரன் நின்றான். அவன் பக்கத்தில் ஒரு சின்னப் பெண். தலை மழித்திருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆம்பல் என்று தெரிந்துகொள்ளத் தத்தைக்குச் சற்று நேரம் பிடித்தது. ஓடப் போனவளை வெயினனார் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கடுமையான மனிதர் அல்ல. உட்காரச் சொன்னார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், பிறகு ஓலையைப் படித்தார்.

சேந்தன் கொடுத்த பட்டுக்கு ஆசைப்பட்டு மதகுக்காரன் பூதன் கரையை வெட்டினான். வெட்டிய வெள்ளத்தில் தானும் மாண்டான். இதை அவன் மனைவி தத்தை அறிவேன் என்று சொல்லிக் கீறல் வைத்தாள்.

தத்தைக்கு முதலில் கோபம் வரவில்லை. வியப்புத்தான் வந்தது. “அவர் ஆயுளில் பட்டைத் தொட்டதே இல்லையே” என்றாள்.

“தெரியும்” என்றார் வெயினனார்.

“யார் வெட்டினார்கள் என்றும் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும், தாயே. முன்பு நான் எழுதிய கல்லெல்லாம் மெய் என்றா நினைத்தாய்? சேந்தனின் பாட்டன் இந்த ஏரியைத் தனியாளாக வெட்டினார் என்றும் நான்தான் எழுதினேன்.” அவர் ஓலையை அவள் முன் வைத்தார். “செத்தவனுக்கு இனி வலிக்காது. அதோ நிற்கிறவளுக்கு வலிக்கும். நீ தாய். நீயே பார்த்துக்கொள்.”

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே, உங்களில் எத்தனை பேர் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. தத்தை வேம்படியைப் பார்த்தாள். பிள்ளை வலக்காலை ஊன்றாமல் நின்றிருந்தது. அடுப்படியில் சுட்ட காயம். தத்தை எழுத்தாணியை வாங்கி ஓலையில் ஒரு கீறல் வைத்தாள். வீரன் பெண்ணின் கையை விட்டான். ஆம்பல் நொண்டிக்கொண்டே ஓடி வந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் தத்தைக்குக் கணவன் நினைவே வரவில்லை. அதுதான் பின்னால் அவளை அதிகம் அறுத்தது.

தூதர்கள் வந்தார்கள், ஓலையைப் பார்த்தார்கள், திருப்தியாகப் போனார்கள். கல்யாணம் நடந்தது.

அந்த ஆண்டு முதல் ஏரி கட்டி முடித்த நாளை விழாவாகக் கொண்டாட உத்தரவாயிற்று. ஊருக்கே சோறு. கரைமேல் கூத்து. கூத்தில் முகத்தில் கரி பூசிய ஒருவன் பட்டுத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இளித்தபடி கரையை வெட்டுவான், அவன்தான் மதகுக்காரன். முடிவில் வைக்கோலால் செய்த மதகுக்காரன் பொம்மையை நட்டு வைத்து எல்லாரும் மண்கட்டி எறிவார்கள். பொம்மை விழும் வரை எறிந்து, பிறகு காலைப் பிடித்து இழுத்து ஏரியில் தள்ளுவார்கள்.

முதல் ஆண்டு கீழூரில் மிஞ்சியவர்கள் எறியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சோறு தின்றார்கள். இரண்டாம் ஆண்டு மெதுவாக எறிந்தார்கள். மூன்றாம் ஆண்டு அவர்கள் எறிந்த கட்டிதான் பெரிதாக இருந்தது. அவர்களுக்கும் யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. அரண்மனையைத் திட்ட முடியாது, பொம்மையைத் திட்டலாம்.

ஆம்பல் கிணற்றுக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். மதகுக்காரன் மகள் தொட்ட கயிற்றை மண் போட்டுத் தேய்த்தார்கள். பதினோரு வயதில் ஒருநாள் வெறுங்குடத்தோடு வந்து அவள் தாயைக் கேட்டாள்: “அப்பா ஏன் அம்மா அப்படிச் செய்தார்?”

தத்தை வாயைத் திறந்தாள். பிள்ளை வெளியே போய்ச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாள். வாயை மூடினாள். அடுத்த ஆண்டு சொல்லலாம், இன்னும் கொஞ்சம் விவரம் தெரியட்டும் என்று தள்ளிப் போட்டாள். அடுத்த ஆண்டும் ஆம்பல் கேட்டாள். அதற்கடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளினாள். மூன்றாவது முறையும் கேட்டாள், அப்போதும் சொல்லவில்லை. அதன்பிறகு ஆம்பல் கேட்கவே இல்லை. அந்த ஆண்டு விழாவில் கூட்டத்தில் முந்திக்கொண்டு போய் அவளும் ஒரு கட்டி எறிந்தாள். ஏன் எறிந்தாய் என்று தத்தை வீட்டில் வந்து கேட்டபோது, “நான் எறியாவிட்டால் என்மேல் எறிவார்கள்” என்று மட்டும் சொன்னாள்.

பத்தொன்பது வயதில் ஆம்பலுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஆதன், ஏரிக்கரைக் கண்காணி. வடக்கேயிருந்து வந்த குடும்பம். துரோகியின் மகள் என்று தெரிந்தே கட்டிக்கொண்டான். நல்ல பையன். அந்தக் கல்லில் எழுதியிருப்பது அத்தனையும் மெய் என்று அவன் நம்பினான். அவன் என்ன செய்வான், சின்ன வயது முதல் கேட்டது அதைத்தானே.

விழாவின் பத்தாம் ஆண்டு வந்தது. மலைநாட்டு ராஜாவும் வருவதாக இருந்தது. யாரோ ஓர் அமைச்சர் ராஜாவுக்கு ஒரு யோசனை சொன்னார். இந்த ஆண்டு முதல் கட்டியைத் துரோகியின் மகளே எறியட்டும். பெற்ற மகளே தள்ளிவிட்டாள் என்றால் அதற்குமேல் யாரும் பேசப் போவதில்லை. அப்படி எறிந்தால் இனி அவளை யாரும் மதகுக்காரன் மகள் என்று கூப்பிடக் கூடாது என்று ஆணையும் இடுவதாகச் சொன்னார்கள். ஆம்பலுக்கு அப்போது ஐந்து மாதம். தன் வயிற்றுப் பிள்ளை அந்தப் பெயரைச் சுமக்க வேண்டாம் என்று நினைத்துச் சரி என்றாள்.

விழா நாள். கரைமேல் பந்தல். இரண்டு ராஜாக்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூத்து முடிந்தது. பொம்மையை நட்டார்கள். ஆம்பல் கையில் மண்கட்டியோடு முன்னால் வந்தாள். அவள் கையை ஓங்கியபோது தத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, பொம்மைக்கு முன்னால் போய் நின்றாள்.

பத்து ஆண்டாக மூடியிருந்த வாய் அது. திறந்ததும் ஒழுங்காகத்தான் பேசியது. தாழம்புதர், நாற்பது மண்வெட்டி, கரடிக்கொடி, பள்ளத்தில் கைவிரித்து உட்கார்ந்தவன், உருவப்படாத வேல். எல்லாவற்றையும் சொன்னாள். வேலெறிந்தவன் இன்னார் என்று படைத்தலைவனைக் கைகாட்டினாள்.

“கண்டது நான் மட்டும் அல்ல” என்றாள் தத்தை. “கொற்றனும் கண்டான். கேளுங்கள்.”

எல்லாரும் கொற்றனைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்து ஆண்டில் அவனுக்கு நான்கு படகுகள் ஆகியிருந்தன. அவன் தன் கால் விரல்களைப் பார்த்தபடி, அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல், கரைக்கே வரவில்லை என்றான்.

வயவரையன் கோபப்படவில்லை. மலைநாட்டு ராஜா பக்கத்தில் இருக்கும்போது கோபப்படக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். வெயினனாரைப் பார்த்தான். வெயினனார் கிழவராகியிருந்தார். ஓலைக்கட்டைப் பிரித்து ஒன்றை உருவினார். ராஜா அதை உயர்த்திப் பிடித்துக் கேட்டான்.

“இந்தக் கீறல் உன்னுடையதா, அம்மா?”

“என்னுடையதுதான்.”

“அன்று நீ சொன்னது மெய்யா, இன்று சொல்வது மெய்யா?”

“அன்று சொன்னது பொய். என் பிள்ளைக்காகச் சொன்னேன்.”

“பிள்ளைக்காகப் பொய் சொல்லக் கூடியவள் நீ. கேட்டீர்களா? அவளே ஒப்புக்கொள்கிறாள்” என்றான் ராஜா, மலைநாட்டு ராஜாவின் பக்கம் திரும்பி. “அப்படியென்றால் இன்று கணவனுக்காக ஒரு பொய் சொல்ல மாட்டாளா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். தத்தை வெயினனாரைப் பார்த்தாள். மெய் தெரிந்த மனிதர் அவர். அவர் எழுத்தாணியின் முனையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

இழுத்துப் போங்கள், தலையை வாங்குங்கள் என்று ராஜா சொல்லியிருந்தால் தத்தைக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். பொய்க்காக யாரையும் கொல்ல வேண்டியதில்லை. மெய்க்காகத்தான் கொல்ல வேண்டியிருக்கும். கொன்றால் ஊர் யோசிக்கும். ராஜா அதையும் அறிந்தவன். துயரத்தால் புத்தி பேதலித்த கைம்பெண்ணை மன்னித்தோம், அவளுக்கு ஆயுள் முழுவதும் அரண்மனை அரிசி உண்டு என்று ஆணையிட்டான். கூட்டம் ராஜாவின் கருணையை வாழ்த்தியது. மலைநாட்டு ராஜாவும் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு ராஜா ஆம்பலைப் பார்த்தான். கட்டி இன்னும் அவள் கையில் இருந்தது.

தத்தையும் மகளைப் பார்த்தாள். பத்து ஆண்டில் முதல் தடவையாக இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். ஆம்பலின் முகத்தில் சந்தேகம் இல்லை. தாய் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தத்தைக்கும் தெரிந்தது. ஒரு கணம் தத்தையின் நெஞ்சு குளிர்ந்தது.

ஆம்பலின் இடக்கை வயிற்றின் மேல் போயிற்று. வலக்கை உயர்ந்தது. தாயின் தலைக்கு மேலாகக் கட்டியை எறிந்தாள். அது பொம்மையின் மார்பில் பட்டு உடைந்தது. பின்னாலிருந்து நூறு கட்டிகள் பறந்தன.

விழா முடிந்து ஊர் கலைந்தது. ஆதன் மாமியாரைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு ஆம்பல் வந்தாள். அடுப்பு மூட்டினாள், கஞ்சி வைத்தாள், தாய்க்கு ஊற்றிக் கொடுத்துத் தானும் குடித்தாள்.

“அப்பா எங்கே கிடக்கிறார்?” என்று ஆம்பல் கேட்டாள்.

“தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் முட்புதரில் கிடைத்தார். தூக்க ஆள் இல்லை. கரை உடைந்த இடத்திலேயே நான் குழி தோண்டினேன். அதற்கு மேலேதான் புதுக் கரை கட்டினார்கள்.”

ஆம்பல் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள்.

“இதை இனி யாரிடமும் சொல்லாதே, அம்மா. பிறக்கப் போகிற பிள்ளையிடமும் சொல்லாதே” என்றாள்.

தத்தை சரி என்றாள். அவள் என்ன சொல்வாள்? சொல்லாமல் இருப்பதை மகளுக்குக் கற்றுக் கொடுத்தவளே அவள்தானே.

மறுநாள் வெயினனார் அந்த ஆண்டின் ஏட்டில் இப்படி எழுதினார்: விழா இனிது நடந்தது, துரோகியின் மகள் முதல் கட்டி எறிந்தாள், மனம் பேதலித்த ஒருத்திக்கு மன்னர் அரிசி அருளினார், மழை நன்றாகப் பெய்தது.

மழை நன்றாகப் பெய்தது மட்டும் மெய். ஏரியை உடைத்தவன் நாட்டில் அந்த ஆண்டும் பெய்தது, அடுத்த ஆண்டும் பெய்தது. தத்தை அரண்மனை அரிசியைத் தின்று பதினேழு ஆண்டு இருந்தாள். அவள் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் விழாவில் நன்றாகக் குறி பார்த்து எறிந்தார்கள். கொற்றன் எட்டுப் படகுக்காரனாகச் செத்தான். ஓடிப்போன இடையன் எங்கோ ஒரு தேசத்தில் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அங்கே இருந்தவர்களுக்கு வேங்கைப்பாடி எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

ஆகவே, கேட்டவர்கள் எழுந்து போகுமுன் நீதியையும் எடுத்துக்கொண்டு போங்கள்: வென்றவன் எழுதுகிற பொய், கண்டவர்கள் வாயை மூடிக்கொண்ட பிறகுதான் வரலாறாகிறது.